அண்ணன் நாயின் சாப்பாட்டு நேரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தோம். இங்கிலாந்தில் வருடத்துக்கு இரண்டு முறை இப்படிச் செய்வார்கள். வெயில் காலம் தொடங்கும்போது முன்னால் தள்ளுவார்கள். குளிர் வரும்போது பின்னால் இழுப்பார்கள். ஏன் என்று வந்த புதிதில் கேட்டேன். விவசாயிகளுக்காக என்றார் ஒருவர். கரண்ட் மிச்சம் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், ஏன் என்று தனக்கும் தெரியாது, மாற்றாவிட்டால் வேலையில் திட்டுவார்கள் என்றார். அவர் சொன்னதுதான் எனக்குப் புரிந்தது.

நான் இருப்பது லெஸ்டரில். ஊர் ராஜபாளையம். எட்டாவது வரை படித்தேன். அதன்பிறகு பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. என் மனைவி செல்வி எனக்கு அத்தை மகள். அவள் நர்ஸுக்குப் படித்தாள். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. நான் அவளுக்குத் துணையாக வந்தவன். விசாவில் அப்படித்தான் போட்டிருந்தது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருக்கிறேன். ஊரில் காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்தேன். இங்கே காயம் பட்டவர்கள் படுத்த துணியை மடிக்கிறேன். பெரிய மாற்றம் இல்லை.

ஒரே மகள், நித்யா. பன்னிரண்டாவது மாதிரி ஒரு வகுப்பு படிக்கிறாள். தமிழ் பேசுவாள். யோசித்துப் பேசுவாள்.

கடிகாரத்தை மாற்றும் நாளில் எனக்கு அண்ணன் ஞாபகம் வரும். இந்த வருடம் அண்ணன் இல்லை. அண்ணனுடைய நாய் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

அண்ணன் மாந்தோப்புக் காவலுக்கு இருந்தார். ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற வழியில். தோப்பு வேறொருவருடையது. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை. அதில்தான் படுக்கை, சமையல் எல்லாம். கல்யாணம் கூடிவரவில்லை. அவரும் அதற்கு அலையவில்லை.

அவரிடம் முதலில் ஒரு நாய் இருந்தது. மாங்காய் திருட வந்தவர்கள் கறியில் மருந்து வைத்துக் கொன்றுவிட்டார்கள். அடுத்து ஒரு வெள்ளைக் குட்டி கொண்டுவந்தார். எங்கள் ஊர் ஜாதிதான். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீளக் கால். இதற்குக் குட்டியிலேயே ஒரு பழக்கம் பழக்கினார். பக்கத்துத் தோப்புக்காரர்களைக் கூப்பிட்டுக் கறியை நீட்டச் சொல்வார். குட்டி வாயை வைக்கப் போனால் மூக்கில் ஒரு தட்டு. கொஞ்ச நாளில் யார் என்ன நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டது. தோப்புகளில் காவல் நாய் வைத்திருப்பவர்கள் பலர் இப்படிச் செய்வார்கள். நல்ல பழக்கம்தான். வளர்த்தவர் இருக்கிறவரை.

நாய்க்கு அவர் பெயர் வைக்கவில்லை. ‘ஏலே’ என்பார். வரும்.

நான் தினமும் அண்ணனுக்குப் போன் போடுவேன். பேசுவதற்காக என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டோம். தோப்பில் ஒற்றையாளாக இருக்கிறார், பன்றி வருகிறது, சில வருடம் யானையும் இறங்குகிறது. போனை எடுத்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான். என் மதிய இடைவேளை பன்னிரண்டரைக்கு. அங்கே சாயங்காலம் ஐந்து மணி. இருட்டும் முன்னே சாப்பிட்டுவிட்டுக் காவலுக்குக் கிளம்புகிறவர், அந்த நேரம்தான் தட்டைப் போடுவார். போனை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த வாளியின் மேல் வைப்பார்.

“சாப்ட்டியா?” என்பேன்.

“இனிமேத்தான்.”

“மழையா?”

“இல்ல.”

“சரி, வைக்கேன்.”

“வையி.”

பல வருடம் இதைத்தான் பேசினோம். மழை பெய்தால் ஒரு வார்த்தை மாறும்.

ஒரே ஒரு முறை அவர் கோபப்பட்டார். குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைப் பின்னால் வைத்திருந்தோம். அதனால் என் பன்னிரண்டரை அவருக்கு ஆறு மணியாகிவிட்டது. போனை எடுத்ததும் சொன்னார்.

“ஏலே, ஒங்க ஊருல கடியாரத்தத் திருப்புனா, இங்க எம் நாய் ஏம்லே பட்டினி கெடக்கணும்?”

“நாய்க்கும் எனக்கும் என்ன?”

“ஒன்னுமில்ல. வையி.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வேடிக்கை பேசுகிற ஆள் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

3

இந்த வருடம் மாங்காய் சீசன் முடிகிற நேரம். ஒரு நாள் போனை எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். எடுக்கவில்லை. இடைவேளை முடிந்துவிட்டது. மேஸ்திரி பார்க்கும்போதே நின்றுகொண்டு தங்கச்சிக்குப் போட்டேன்.

தங்கச்சி பேச்சியம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தது. அவளுக்கும் எனக்கும் சண்டை இல்லை. பேச்சும் இல்லை. அவள் வீட்டுச் செய்தி எனக்கும், என் வீட்டுச் செய்தி அவளுக்கும் அண்ணன் வழியாகப் போகும். அவர் சொல்கிற அளவுக்குப் போகும்.

“என்னண்ணே, அதிசயமா எனக்குப் போடுற?” என்றாள்.

“அண்ணன் போனை எடுக்கல.”

அவள் அப்போதே போனை வைத்தாள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை குருசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் போனபோது அண்ணன் கட்டிலில் படுத்தபடியே இருந்தார். நெஞ்சு நின்றிருக்கிறது. நாய் வாசலில் நின்றுகொண்டு யாரையும் உள்ளே விடவில்லை. கண்மாயில் மீன் பிடிக்கிறவர் வலை கொண்டுவந்து போட்டுத்தான் அதை நகர்த்தினார்கள்.

லீவுக்காக ஆபீசில் ஒரு பெண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னப் பெண். முகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசினாள். இறந்தது யார் என்றாள். அண்ணன் என்றேன். நீங்களும் அவரும் நெருக்கமா என்றாள்.

“இல்லை, ரொம்பத் தூரம்” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். நெருக்கமாக இருந்தால்தான் துக்க லீவு கூட்டித் தருவார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னதும் நித்யா தலையில் கை வைத்தாள். மறுநாள் அவளே போன் போட்டு, அப்பா ஊரின் தூரத்தைச் சொல்லிவிட்டார் என்று விளக்கினாள். லீவு கூடியது. ஆனால் இரண்டாம் முறை போனபோது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை முதல் முறையைவிடச் சாய்ந்திருந்தது.

4

மதுரையில் இறங்கி நேராகத் தோப்புக்குப் போனேன். அடக்கம் முடிந்துவிட்டது. செல்வியும் நித்யாவும் வரவில்லை. ஒருத்திக்கு டூட்டி, ஒருத்திக்குப் பரீட்சை.

பேச்சியம்மா அங்கே இருந்தாள். நாய்க்குச் சோறு வைத்துப் பார்க்க வந்திருந்தாள். நாயை மோட்டார் ரூம் தூணில் கட்டியிருந்தார்கள். அண்ணன் போன நாளிலிருந்து அது எதையும் தொடவில்லை. விலா எலும்பு தெரிந்தது. அந்த ஜாதிக்கு எப்போதும் கொஞ்சம் தெரியும். இது எண்ணலாம் போல இருந்தது.

சோறு, முட்டை, பால், ஆட்டுக்கறி எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குருசாமி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா கொண்டுவந்திருக்கிறார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீணாகப் போகக் கூடாது என்று அவரே தின்றுவிட்டார்.

அண்ணன் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லித்தான் சாப்பிட வைத்திருப்பார் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொல்லியிருக்கிறார். உடனே ஆளாளுக்கு ஒரு வார்த்தை முயற்சி செய்திருக்கிறார்கள். சாப்பிடு, தின்னு, தின்னுலே, ம் சீக்கிரம். குட்டி கொண்டுவந்தது தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து என்று ஒருவருக்கு ஞாபகம் வந்து, ‘தினு’ என்று சொல்லிப் பார்த்தாராம். குருசாமி இங்கிலீஷில் ஈட் என்றாராம்.

“ஏன் மாப்ள, இங்கிலீஷ்?” என்று பின்னால் கேட்டேன்.

“ஒரு நப்பாசைதான் மச்சான்.”

நான் போனபோது தட்டில் காலையில் வைத்த சோறு காய்ந்து கிடந்தது. பேச்சியம்மா என்னைப் பார்த்ததும் அழுதாள். துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. வழக்கமாக வாயில் வருவது வந்தது.

“சாப்ட்டியா?” என்றேன் அவளிடம்.

எனக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. நாய் எழுந்து நின்றது. கவிழ்த்த வாளியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடியும் வாளியைப் பார்த்தது. பிறகு தட்டுக்குப் போய் அந்தக் காய்ந்த சோற்றைத் தின்ன ஆரம்பித்தது.

“ஏ ஆத்தி!” என்றாள் பேச்சியம்மா. “திங்கிதுண்ணே!”

ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியவர் இவர் மேல் இறங்கியிருக்கிறார் என்றது ஒரு கிழவி. ரத்தம் ஒன்று, வாசனை தெரிந்திருக்கும் என்றார் தோப்புக்காரர். எனக்குத் தோன்றியது வேறு. கடிகாரத்தைத் திருப்பியதற்கு அண்ணன் கோபப்பட்டது ஞாபகம் வந்தது.

அண்ணன் நாய்க்கு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. தனக்கு ஒரு தட்டு, அதற்கு ஒரு தட்டு போட்டுவிட்டு என் போனுக்காக உட்கார்ந்திருப்பார். நான் கேட்பேன். அவர் இனிமேத்தான் என்பார். இரண்டு பேரும் ஆரம்பிப்பார்கள். நாய் குட்டியிலிருந்து பார்த்தது அதுதான். அந்தக் குரல் கேட்காமல் அந்தத் தோப்பில் யாரும் சாப்பிடக் கூடாது என்று அது முடிவு செய்திருக்கிறது. அந்தக் குரல் வாளியில் இருக்கிறது என்றும் நினைத்திருக்கலாம். எனக்குக் கால் இருப்பதில் அதற்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

5

தோப்புக்குப் புதுக் காவலாள் வந்தார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு நாய். அதனால் இது வேறு இடம் போக வேண்டும். நித்யா லெஸ்டருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டாள். அவளே விசாரித்தாள். நாயின் தோலுக்கடியில் ஒரு சில்லு வைக்க வேண்டும், ஊசி போட வேண்டும், ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அதன்பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் வந்தபோது என்னிடம் இவ்வளவு கேட்டதாக ஞாபகம் இல்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடவே இடம் போதாது. தோப்பில் ஓடிய நாய் அங்கே திரும்பக்கூட முடியாது. வேண்டாம் என்றேன்.

“நான் வச்சுக்கிடுதேன்” என்றாள் பேச்சியம்மா.

குருசாமி இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். அவருக்கு நாய் பயம். அதைச் சொல்லவும் பயம்.

லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். எங்கள் பக்கம் புதிதாக ஒரு நாயோ பூனையோ வீட்டுக்கு வந்தால் அடுப்பைச் சுற்றிக் கூட்டிவருவார்கள். மூன்று சுற்று. அப்போதுதான் வீடு பிடிபடும் என்பார்கள். தங்கச்சி வீட்டில் அடுப்பு மேடைமேல் சுவரை ஒட்டி இருக்கிறது. சுற்ற வழி இல்லை.

“அப்ப எதச் சுத்த?” என்றார் குருசாமி.

“தீ எங்கருந்து வருது? அதச் சுத்து” என்றாள் இவள்.

சிலிண்டரை மேடைக்கு அடியிலிருந்து இழுத்து நடுவீட்டில் வைத்தோம். குருசாமி கயிற்றைப் பிடிக்க மாட்டேன் என்றார். நான் பிடித்தேன். நாய் சிலிண்டரை மூன்று சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் காலைத் தூக்கியது. அது நல்ல சகுனம்தான் என்றாள் பேச்சியம்மா. பிறகு கழுவினாள்.

நான் இருந்த நாட்களில் ஐந்து மணிக்கு நானே தட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். தின்றது. சாப்பாடு சரியாயிற்று. தூக்கம் சரியாகவில்லை. அண்ணன் இருந்தபோது அது மோட்டார் ரூம் சுவரில் முதுகை வைத்துப் படுக்கும். கரண்ட் இருக்கும்போதெல்லாம் மோட்டார் ஓடும். அந்த அதிர்வு இல்லாமல் அதற்குப் படுக்கத் தெரியவில்லை. தெருவில் நடந்துகொண்டே இருந்தது. குருசாமி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் போட்டுவிட்டார். நாய் அதன் பக்கத்தில் போய்ப் படுத்தது. தொட்டி நிறைந்து மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் கொட்டியது. அவர் வந்து பேசியது எழுதத் தகாது.

அடுத்து பேச்சியம்மா கிரைண்டரைப் போட்டாள். அதுவும் உறுமும், அதிரும். நாய் அதில் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. சும்மா ஓட்ட முடியாதே, அரிசியும் உளுந்தும் போட வேண்டும். அந்த வாரம் தெரு முழுக்க எங்கள் வீட்டு மாவில்தான் இட்லி. பிறகு ஒவ்வொரு நாளும் ஓட்டுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“புள்ளைய பால் மறக்கடிக்கிற மாதிரிதாண்ணே” என்றாள்.

பெயரும் ஒரு தொந்தரவு. அவள் வாசலில் நின்று ஏலே என்று கூப்பிட்டால் தெருவில் பாதி ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“பேரு?”

“ஏலே” என்றார் குருசாமி.

அவர் தலையை நிமிர்த்தினார். “யாரப் பாத்து ஏலேங்கிறீரு?”

“ஒங்கள இல்ல சார், நாய.”

“நாயக் கூப்பிடுறது இருக்கட்டும். பேரச் சொல்லும்.”

“அதான் சார் பேரு.”

கடைசியில் வெள்ளை என்று அவரே எழுதிக்கொடுத்தார். அந்தப் பெயருக்கு நாய் இன்றுவரை திரும்பியதில்லை.

ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று தெரியும். ஆட்டோவில் ராஜபாளையம் போனோம். தோப்பில், கவிழ்த்த வாளிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. புதுக் காவலாளின் நாய்கள் இரண்டும் தள்ளி நின்று குரைத்துக்கொண்டிருந்தன. இது அவற்றைச் சட்டை செய்யவில்லை. ஐந்து மணி ஆகப் போகிறது. போன் வர வேண்டிய நேரம்.

அந்த வாளியைக் கேட்டு வாங்கினோம். வாளி ஆட்டோவில் ஏறியதும் நாயும் ஏறியது. பின்னால் ஏறவில்லை. முன்னால், குருசாமி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. நான் பின்னால் வாளியோடு உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை குருசாமி கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

“மச்சான், என்ன செய்யிது?” என்றார் வழியில்.

“ஒன்னும் செய்யல. ரோட்டப் பாக்குது.”

“என்னயப் பாக்கலேல்ல?”

“இல்ல மாப்ள.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

நான் கிளம்புவதற்கு முன் சோதித்துப் பார்த்தோம். தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டு அண்ணன் போனுக்குப் போட்டேன். பட்டன் போன். பேச்சியம்மா ஸ்பீக்கரில் போட்டு வாளிமேல் வைத்தாள். சாப்ட்டியா என்றேன். தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “திங்கிதுண்ணே” என்றாள். டீக்கடைக்காரர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நாய்க்குச் சாப்பாடு என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

6

லெஸ்டருக்குத் திரும்பி வந்தேன். பன்னிரண்டரைக்குப் பாய்லருக்குப் பின்னால் போய் அண்ணன் நம்பருக்குப் போடுவேன். அந்த நம்பரில் இப்போது பேச்சியம்மா எடுப்பாள். நான் கேட்பேன். நாய் தின்னும். வைத்துவிடுவேன்.

ஒரு நாள் நீராவி மிஷின் நின்றுவிட்டது. எங்களை வெளியே விடவில்லை. போன் போட முடியவில்லை. மறுநாள் போட்டபோது, “தொடவே இல்லண்ணே. வாளியையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு” என்றாள். அதனால் மேஸ்திரியிடம் போய், என்ன ஆனாலும் பன்னிரண்டரைக்கு விட்டுவிட வேண்டும் என்றேன். ஏன் என்றார். இந்தியாவில் ஒரு நாய் இருக்கிறது, நான் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டால்தான் அது சாப்பிடும் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சரியாகத்தான் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். அடுத்த வாரம் மனநல ஆலோசகரிடமிருந்து கடிதம் வந்தது.

நித்யாவைத் துணைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் நல்ல மாதிரி. டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நீங்கள் போன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டதாக நித்யா சொன்னாள்.

“நாய் சாப்பிடாது.”

“உங்களுக்கு என்ன ஆகும்னு கேக்கிறாங்க.”

“எனக்கு அது சாப்பாட்டு நேரம். நான் சாப்பிடுவேன்.”

நித்யா நெடுநேரம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் சொன்னதைவிட ரொம்ப அதிகம். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்தார். பன்னிரண்டரை எனக்கே என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வழியில், என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ சொன்னதுதான்ப்பா” என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளாகவே கேட்டாள். “அப்பா, நாய் இன்னைக்குச் சாப்பிட்டாங்களா?”

நாய்க்கு மரியாதை வேண்டாம் என்று செல்வி திருத்தினாள். நான் திருத்தவில்லை. நித்யா ஊரில் இருக்கிற ஒன்றைப் பற்றித் தானாக விசாரிப்பது அபூர்வம்.

நாள் போகப்போக போன் நீண்டது. நாய் தின்று முடிக்கும்வரை வைக்கக் கூடாது என்றாள் பேச்சியம்மா. நடுவில் குரல் நின்றால் அதுவும் நிறுத்திவிடுகிறதாம். அதனால் ஏதாவது பேச வேண்டியிருந்தது. அவள் வீட்டு மாடி ஒழுகுவது, கூமாப்பட்டியில் எங்கள் சித்தி மகள் வீட்டில் கல்யாணம், குருசாமிக்குச் சர்க்கரை, எல்லாம் எனக்குத் தெரியவந்தது. என் முட்டி வலி அவளுக்குத் தெரியவந்தது. தோப்பில் அந்த நாய் ஒரு நிமிடத்தில் தட்டை நக்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் போனபிறகு நிதானமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தரம் கேட்டேன். “ரெண்டு நாள் போடாம விட்டுப் பாப்பமா? கிரைண்டர மறந்த மாதிரி இதையும் மறந்துரும்.”

“வேண்டாம்ண்ணே” என்றாள் உடனே. “வாயில்லாச் சீவன்.”

7

போன ஞாயிறு கடிகாரத்தை மாற்றினோம். அன்றைக்கு எனக்கு லீவு. வீட்டுக் கடிகாரத்தை மாற்றும் முன்பே, பழைய கணக்கில் போன் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பன்னிரண்டரைக்குத்தான், போனைப் பூட்டி வைக்கிற பெட்டியைத் திறந்தேன்.

பேச்சியம்மாவிடமிருந்து வரிசையாக அழைப்பு வந்திருந்தது. குருசாமியிடமிருந்தும். செல்வியிடமிருந்தும். அவளுக்கும் இவர்கள் போட்டிருக்கிறார்கள். அங்கே மணி ஆறு. நான் ஐந்துக்குப் போடவில்லை. அண்ணனுக்குத் தெரியும், நான் சொல்லாவிட்டாலும் திட்டிக்கொண்டு காத்திருப்பார். இவளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போடுவதற்குள் அவளே மறுபடியும் கூப்பிட்டாள். பட்டன் போனில் இல்லை. அவள் போனில், முகம் தெரிகிற மாதிரி. முகம் வீங்கியிருந்தது.

“எங்கண்ணே போன?”

“இங்கதான் இருக்கேன்.”

“ஏன் போடல? எடுக்கவும் இல்ல? அன்னைக்கும் இப்பிடித்தான, நீ போட்டுப் பெரியண்ணன் எடுக்கல.”

“கடிகாரத்த மாத்திட்டாங்க. குளிர்காலத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி.”

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். மூக்கைத் துடைத்தாள்.

“கடியாரத்த மாத்துனா சொல்ல மாட்டியா? நாங்க என்னன்னு நெனைக்க? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னா ஒனக்கு வாயில முத்தா கொட்டிப் போவும்? நானும் இவரும் ஒரு மணி நேரமா...”

“நான் அப்பவே சொன்னேன் மச்சான், வேலயா இருப்பீகன்னு” என்றார் பின்னாலிருந்து குருசாமி. “இவதான் எல்லாருக்கும் போட்டு...”

“நீங்க சும்மா இருங்க.”

அவள் திரும்பியதில் போனும் திரும்பியது. குருசாமி தெரிந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. தலையை அவர் பாதத்தின் மேல் வைத்திருந்தது. அவர் காலை நகர்த்தாமல் வைத்திருந்தார். அதில் பயம் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் வாளி கவிழ்ந்து இருந்தது. அதன்மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தார்கள். தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாயின் மூக்கில் இரண்டு பருக்கை தயிர்ச்சோறு ஒட்டி, காய்ந்து போயிருந்தது.

வயிறு நன்றாக ஏறியிருந்தது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாளில் வருகிற வயிறு இல்லை அது.

பேச்சியம்மா போனை வேகமாகத் தன் பக்கம் திருப்பினாள். நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது.

பாய்லர் ஒருமுறை நீராவியை விட்டது. அது அடங்கும்வரை நின்றேன்.

“நாய் பக்கம் திருப்பு” என்றேன்.

திருப்பினாள்.

“சாப்ட்டியா?”

நாய் ஒரு காதைத் தூக்கியது. யார் என்று தெரிந்த மாதிரி வாலை ஒரு தட்டுத் தட்டியது. எழுந்திருக்கவில்லை. காதைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பிறகு, திரைக்கு வெளியே இருந்து பேச்சியம்மா குரல் வந்தது.

“இனிமேத்தாண்ணே.”

“மழையா?”

“செம்பகத்தோப்பு மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது.”

“சரி, வைக்கேன்” என்றேன்.

“வையி” என்றாள்.

இடைவேளை இன்னும் பாதி மிச்சம் இருந்தது. போனை வைக்காமல், மாடி ஒழுகலை அடைத்தாயிற்றா என்று கேட்டேன்.